மூன்றாம் ஷிஃப்டின் பின்பாதி

கோபியிலும் வாசிக்கவில்லை.

சூலூர் பேக்கரியின் வெளிப் பெஞ்சில் மூன்று டீயும் மூன்று தேங்காய் பன்னும் ஆறிக்கொண்டிருந்தன. ஜெரோம், செங்கோடன், ரசாக் மூவரும் துக்கம் கேட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் கோபிசெட்டிபாளையம் வரைக்கும் ஒரே எம்-எய்ட்டி மொபெட்டில் மூன்று பேரும் போய்வந்திருந்தார்கள். முதுகு வலிக்குத் தைலம் இருக்கிறது. மனசு வலிக்கு என்ன செய்வது?

"இவிங்க டூர் போடறதே தப்புடா" என்றான் செங்கோடன். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்ப்பவன். உலகத்தில் எதையும் அவன் லோடு கணக்கில்தான் பார்ப்பான். போன மாசம் பொள்ளாச்சி, இந்த மாசம் கோபி, அடுத்தது அன்னூர். ரிட்டர்ன் லோடு இல்லாமல் வண்டி ஓட்டினால் எந்த பேண்டு உருப்படும் என்பது அவன் கேள்வி.

ரசாக் தையல்காரன். அவனுக்கு டூரில் குறை இல்லை. பாட்டு வரிசையில்தான் குறை. நீளமான பாட்டை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னதாக நாலு பாட்டுப் போடுவது, முழுத் துணியைக் கடையில் வைத்துவிட்டு பிட்டுத் துணியில் சட்டை தைப்பதற்குச் சமம் என்றான்.

ஜெரோம் பன்னைப் பிய்த்துப் பிய்த்துக் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். 'பிளாக் காட்டன்' என்பது அப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்த ஒரே புரோகிரஸிவ் மெட்டல் குழு. மெட்டல் என்றால் சத்தம். புரோகிரஸிவ் என்றால் அந்தச் சத்தம் லேசில் முடியாது என்று அர்த்தம். தாளம் ஏழில் கிளம்பும், அஞ்சுக்கு இறங்கும், கை தட்டலாம் என்று ஓங்குகிறபோது வேறு எங்கேயோ போய்விடும். சூலூர் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு வடக்கத்திக்காரர் மாற்றலாகிப் போகும்போது விட்டுச்சென்ற கேசட்டுகளில் இந்த வியாதி இவர்கள் மூவருக்கும் ஒட்டிக்கொண்டது. அதே வியாதி நம்ம ஊரிலேயே நாலு பையன்களுக்கு வந்து, அவர்கள் கிட்டாரும் டிரம்ஸும் வாங்கி பேண்டே ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது மூவருக்கும் தலைகால் புரியவில்லை.

முதல் கச்சேரி தொண்ணூற்று நாலு மார்கழியில், பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில். கூட்டம் என்று சொல்லக் கூசும். பரிசு வாங்க வந்த மாணவர்கள் பின்னால் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் இவர்கள் மூவர் மட்டும். கடைசியாக 'தேர்ட் ஷிஃப்ட்' என்ற பாட்டு ஆரம்பித்தது. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. மில்லின் மூன்றாம் ஷிஃப்டைப் பற்றியது.

ஜெரோமின் அப்பா ஸ்பின்னிங் மில்லில் பாதி வாழ்க்கை மூன்றாம் ஷிஃப்ட் பார்த்தவர். பகலெல்லாம் அவர் தூங்குவார். வீடே நுனிக்காலில் நடக்கும். அப்பா விழித்திருக்கும்போது எப்படி இருப்பார், ராத்திரியில் அங்கே அவர் காதில் என்ன சத்தம் விழும் என்பதெல்லாம் ஜெரோமுக்குத் தெரியாது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு அந்த டிரம்ஸ் ஸ்பின்னிங் மிஷின் மாதிரியே இரைய ஆரம்பித்தது. அப்பா கேட்டது இதுதானா என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

பாட்டுப் பாதியில் பஸ் நேரம் வந்துவிட்டது. சூலூருக்குக் கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் சிங்காநல்லூரிலிருந்து நடைதான். மனசே இல்லாமல் மூவரும் எழுந்தார்கள். பனியில் ஜெரோமுக்கு இழுப்பு வரும் என்று அவன் அம்மா ஒரு மப்ளரைக் கொடுத்து, சத்தியமும் வாங்கி அனுப்பியிருந்தார். அதைத் தலையோடு சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டான். மற்ற இரண்டு பேரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டார்கள். ஓட்டமாக ஓடி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

அந்தப் பின்பாதியில் என்ன இருந்தது என்பதைச் சொன்னவர் மைக்செட் யாகூப். பிளாக் காட்டனின் எல்லாக் கச்சேரிக்கும் அவர்தான் ஒலிபெருக்கி. கடைசியில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நிற்குமாம். கிட்டாரில் மில் சங்கு ஊதுமாம். அப்புறம் ஒரே ஓர் ஆள் வீட்டுக்கு நடந்து போகிற காலடி மட்டும் டிரம்ஸில் கேட்குமாம். "நெசச் சங்குன்னு நெனச்சு வாட்சைப் பாத்துப்போட்டேனுங்க" என்றார் யாகூப்.

அதைக் கேட்ட பிறகு ஜெரோமுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த கச்சேரிக்குள் பழைய எம்-எய்ட்டி ஒன்றை வாங்கிவிட்டான். இனி எந்தக் கடைசி பஸ்ஸுக்கும் பயந்து ஓட வேண்டியதில்லை. மேடையைக் கழற்றி லாரியில் ஏற்றுகிற வரைக்கும்கூட உட்கார்ந்திருக்கலாம்.

வண்டி வந்தது. பாட்டுதான் வரவில்லை. பொள்ளாச்சியில் இல்லை, உடுமலையில் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆண்டுவிழாவில் வாசித்தார்கள், அங்கேயும் இல்லை. அதற்குப் பதிலாக 'ஹை ஜம்ப்' என்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். மூன்றே நிமிடம். பெயருக்கேற்றபடி பாடகர் குதிப்பார், சின்னப் பிள்ளைகளும் குதிக்கும். அந்தப் பாட்டை நினைத்தாலே மூவருக்கும் பல் கூசும்.

ஏன் வாசிப்பதில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். டிரம்ஸ்காரருக்கு மணிக்கட்டில் கோளாறு என்றான் ரசாக். பாடகருக்கு மூச்சுப் பிடிக்கவில்லை என்றான் செங்கோடன். பேர் வந்ததும் புத்தி மாறிவிட்டது, ஜனங்களைக் குதிக்க வைத்தால் போதும் என்று இறங்கிவிட்டார்கள் என்று ஜெரோம் நினைத்தான். இப்படி நினைத்ததற்காகப் பின்னால் அவன் படப்போகிற வருத்தம் கொஞ்சமல்ல.

அன்று பேக்கரியில் செங்கோடன் இன்னொரு குண்டையும் போட்டான். பேண்டின் தலைவன், கிட்டார் வாசிக்கும் சைதன்யா, கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போகிறானாம். அன்னூர்த் திருவிழா ஒன்று, அப்புறம் மே மாசம் வ.உ.சி. மைதானத்துப் பொருட்காட்சியில் ஒன்று. அத்தோடு பிளாக் காட்டன் மூட்டை கட்டிவிடும்.

"நேரா கேட்டுப்போடலாமேடா" என்றான் ரசாக்.

"நேராவா?" ஜெரோமின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அவிங்களாப் பாத்து வாசிக்கோணும். நாமளாக் கேட்டா மருவாதியா இருக்குமா?"

இது ஊர் வழக்கம். மிதித்தவனிடமே, "ஏனுங்க, என்ற காலு உங்க செருப்புக்கு அடியில இருக்குதுங்க" என்று சொல்லுகிற ஊர். இதில் ஜெரோம் ஊருக்கே பெரியவன்.

நேராகக் கேட்க முடியாதவன் சுற்றிப் போனான். அவனுக்கு ஒரு வெட் கிரைண்டர் கம்பெனியில் வேலை. வீடு வீடாக கிரைண்டரைக் கொண்டுபோய், மாவாட்டிக் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். சைதன்யாவின் வீடு கணபதியில். அப்பா நரசிம்மலு ஃபவுண்டரி வைத்திருப்பவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில்தான் பேண்டு பழகும். கிரைண்டரை இறக்கி, அம்மாவிடம் பேச்சுக் கொடுத்து, பேச்சோடு பேச்சாகப் பாட்டை எடுத்துவிடுவது என்று கிளம்பினான்.

சைதன்யாவின் அம்மா ராமாமணி உளுந்து ஊறப்போட்டுத் தயாராக இருந்தார். கிரைண்டர் சுற்ற ஆரம்பித்ததும் அவனையே உற்றுப் பார்த்தார். "முன்வரிசையில எப்பவும் மூணு பேர் உக்காந்திருப்பாங்கன்னு சைதன்யா சொல்லுவான். அதுல நீங்க ஒருத்தருங்களா?"

ஜெரோமுக்கு ஜிவ்வென்று ஏறியது. பேண்டுக்குத் தன்னைத் தெரியும்!

"ஆமாங்க. சும்மா கொஞ்சம் கேப்பேனுங்க" என்றான், வருஷக் கணக்கில் பின்னாலேயே அலைந்தவன்.

அந்த அம்மாள் மாவை வழித்துவிட்டபடி, எதையோ யோசித்துவிட்டுக் கேட்டார். "பசங்க ரொம்ப நீளமா வாசிச்சா உங்களுக்குச் சலிப்பா இருக்குதுங்களா கண்ணு? மறைக்காமச் சொல்லுங்க."

வாசல் திறந்தே கிடந்தது. நுழைய வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நீளமாக வாசியுங்கள் என்று சொன்னால், சின்னப் பாட்டெல்லாம் நன்றாக இல்லை என்று ஆகிவிடாதா? பெற்றவளிடம் பிள்ளையின் பாட்டைக் குறை சொல்வதா?

"அய்யோ, அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எது வாசிச்சாலும் நல்லாத்தானுங்க இருக்குது. அந்த ஹை ஜம்ப் கூட அருமைங்க."

ராமாமணியின் முகம் கொஞ்சம் வாடியது மாதிரி இருந்தது. ஆனாலும் நாலு வடை சுட்டுப்போட்டு, கிரைண்டர் ஒன்றுக்கு ஆர்டரும் கொடுத்து அனுப்பினார். கணக்கில் இல்லாமல் நடுவில் வந்த ஈச்சனாரிக் கல்யாண வரவேற்பு ஒன்றில் வாசித்தபோது பிளாக் காட்டன் 'ஹை ஜம்ப்'பை இரண்டு தடவை வாசித்தது. இரண்டாவது தடவை பாடகர் ஜெரோமைப் பார்த்து அன்பாகக் கையாட்டினார். ஜெரோமும் பதிலுக்குக் கையாட்டினான். பக்கத்திலிருந்த செங்கோடன் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினான்.

அன்னூருக்கு ரசாக் ஒரு வழி சொன்னான். திருவிழா மேடைகளில் யாருக்கு எந்தப் பாட்டு வேண்டுமோ சீட்டு எழுதிக் கொடுப்பது வழக்கம்தானே? கேட்டது யார் என்று தெரியவும் தெரியாது. அதனால் மரியாதைக்குக் குறைவில்லை. ஜெரோமுக்கு இது பிடித்தது. சீட்டை அவனே எழுதினான். 'வாசிக்கவும்' என்று எழுதினால் அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டான். இங்கிலீஷில் எழுதினால் விழாக் கமிட்டியாருக்குச் சிரமம் என்று தமிழிலேயே, முத்து முத்தாக, 'மூணாம் ஷிஃப்ட்' என்று மட்டும் எழுதி அனுப்பினான்.

மேடையில் சீட்டுப் படிப்பவர் விழாக் கமிட்டித் தலைவர் தம்பிதுரை. காணாமல் போன குழந்தை, வழியை அடைத்து நிற்கும் டிராக்டர், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவர், ஜெரோமின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டு என்று அவருக்கு எப்படித் தோன்றும்? மைக்கை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு அறிவித்தார்.

"மூணாம் ஷிஃப்ட்டுக்காரங்க கெளம்பிக்கோணுமாமுங்க. மில்லு வண்டி வந்து நிக்குதாட்ட இருக்குதுங்க."

சுற்றிலும் மில்லுகள். கூட்டத்தில் பாதி எழுந்தது. எழுந்தவர்களின் பெண்டாட்டிமார்கள் எழுந்தார்கள், அவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள், பாயைச் சுருட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மேடைக்கு முன்னால் வெறும் மண்தரைதான் தெரிந்தது. அந்த மண்தரைக்கு நடுவில் இவர்கள் மூவர்.

மேடையில் சைதன்யா கிட்டாரைத் தொங்கவிட்டபடி நின்றான். மூணாம் ஷிஃப்ட் என்று காதில் விழுந்ததும் அவன் முகம் மலர்ந்ததை ஜெரோம் பார்த்தான். ஜனம் எழுந்து போகப் போக அந்த முகம் தொங்கிப்போனதையும் பார்த்தான். கடைசியில் சைதன்யா மூவரையும் பார்த்து லேசாகத் தலையசைத்தான். ஏதோ மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி இருந்தது. பிறகு 'ஹை ஜம்ப்' ஆரம்பித்தது. குதிக்கப் பிள்ளைகள் யாரும் இல்லை.

திரும்பிச் சூலூர் வந்து இறங்கியபோது, தன்னால்தான் கச்சேரியே கெட்டது என்று ஜெரோம் சொன்னான். இல்லை என்று மற்ற இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஆகவே பொருட்காட்சிக் கச்சேரிக்கு முந்தின நாள் பேக்கரியில் ஒரு தீர்மானம் போடப்பட்டது. மரியாதையாவது மண்ணாவது. நேராக மேடைக்குப் போய், வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். கேட்க வேண்டியவன் ஜெரோம். அவன் கண்ணாடி முன்னால் நின்று, "தேர்ட் ஷிஃப்ட் வாசிங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகினான். அவன் அம்மா எட்டிப் பார்த்து, மில் வேலைக்கு மாறப்போகிறாயா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பொருட்காட்சியில் கூட்டம் சொல்லி மாளாது. டெல்லி அப்பளம், ராட்டினம், மரணக் கிணறு எல்லாம் தாண்டி மேடை. அடுத்தது மேஜிக் ஷோ என்பதால் முட்டி மோதிக்கொண்டு இடம் பிடித்திருந்தார்கள். மூவரும் வழக்கம்போல முன்வரிசை. பேண்டுக்காரர்கள் நன்றாகத்தான் வாசித்தார்கள். இனிமேல் இல்லை என்று தெரிந்து வாசிக்கிறவர்களின் வாசிப்பு அது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஜெரோம் எழுந்தான். மேடை ஓரம் வரைக்கும் போயும்விட்டான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் சைதன்யா மைக்கில் பேசினான்.

"இது எங்களுக்குக் கடைசிக் கச்சேரிங்க. முதல் நாள்ல இருந்து எங்ககூடவே வந்தவங்க மூணு பேர் இருக்காங்க. அவிங்க இல்லைன்னா நாங்க எப்பவோ நிறுத்தியிருப்போம். கடைசிப் பாட்டு அவிங்க சொல்றதுதான்." சொல்லிவிட்டுக் குனிந்து மைக்கை ஜெரோமின் கையில் கொடுத்தான். "சொல்லுங்ணா. எதுன்னாலும் சொல்லுங்க."

அத்தனை ஜனமும் ஜெரோமைப் பார்த்தது. பின்னால் ரசாக் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். சைதன்யா ஜெரோமின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான், அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. மேடையோரம் மேஜிக்காரர் புறாக் கூண்டோடு நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஜெரோமுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தோன்றியது. இருபது நிமிடம் வாசித்தால் அந்தப் புறாக்காரர் பாவம். டிரம்ஸ்காரருக்கு வேறு மணிக்கட்டு வலியாக இருந்தால்? ஊரை விட்டுப் போகிற பையனை இந்நேரத்தில் சிரமப்படுத்துவதா? கண்ணாடி முன்னால் பழகிய வாய்தான். அதிலிருந்து வந்தது இது.

"உங்களுக்கு எது சௌகரியமோ, அதை வாசிங்க."

ஒலிபெருக்கி அதை மைதானம் முழுக்கச் சொன்னது. பின்னால் செங்கோடன் தலையில் அடித்துக்கொண்ட சத்தமும் கேட்டது. சைதன்யா சிரித்தான். டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பி ஒரு விரலை ஆட்டினான். 'ஹை ஜம்ப்' கிளம்பியது. பொருட்காட்சியே குதித்தது. ஜெரோம் மட்டும் மேடையோரம் கையில் மைக்கோடு நின்று அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து மேஜிக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சைதன்யா விமானம் ஏறிய பிறகுதான் ராமாமணி ஆர்டர் கொடுத்த கிரைண்டர் தயாராகி வந்தது. ஜெரோமே கொண்டுபோனான். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது.

"திங்கறதுக்குப் புள்ளை இல்லாம இதுல யாருக்கு மாவாட்டறதுன்னு தெரியலைங்க" என்றார் ராமாமணி. ஆனாலும் அரிசி ஊறப்போட்டிருந்தார். கிரைண்டரைப் பூட்டி சுவிட்சைப் போட்டதும் கல் இரைய ஆரம்பித்தது. அந்த இரைச்சல் ஜெரோமை என்னவோ செய்தது.

"இதே சத்தந்தானுங்க" என்றார் அந்த அம்மாள் திடீரென்று. "மில்லுப் பாட்டு ஒண்ணு வெச்சிருந்தானுங்களே, அதுல இப்படித்தான் ஆரம்பிக்கும். போற வரைக்கும் ஞாயித்துக்கெழம தவறாம பசங்களோட ஷெட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு அதை முழுசா வாசிப்பானுங்க. கடைசியில சங்கு ஊதுறப்ப எனக்கே அழுகை வந்துரும்."

ஜெரோமின் கை மாவிலேயே நின்றுவிட்டது. மணிக்கட்டு நன்றாக இருந்திருக்கிறது. மூச்சும் இருந்திருக்கிறது. புத்தியும் மாறவில்லை. இனி மரியாதை பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பிறந்து வளர்ந்து முதல் தடவையாக அவன் நேராகக் கேட்டான்.

"அப்பறம் ஏனுங்க மேடையில ஒரு நாள்கூட வாசிக்கலை?"

ராமாமணி அவனைப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க கண்ணு, மொதக் கச்சேரியில அந்தப் பாட்டு பாதியிலயே நீங்க மூணு பேரும் காதை இறுக்கிக் கட்டிக்கிட்டு எந்திரிச்சு ஓடுனீங்களாமே, 'இருக்கற மூணு பேரு மனசும் நோகக் கூடாதும்மா'ன்னு அன்னைக்கே எடுத்துப்போட்டானுங்க."